வன்னிக்குப் போன நம் சனமும் அங்கே கூட நின்ற கோயில்களும்

(சங்கத்தின் குடும்ப ஒன்றுகூடலில், கிளிநொச்சியிலிருந்து வந்த உறவு ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைக் கூப்பிடும்போது தலைவர் ஒரு விஷயத்தைச் சொன்னார். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்து மலை சரிந்த பிறகு, லயங்களில் ஒரு பேச்சு அடிபடுகிறதாம். "இங்கே கிடந்து மண்ணுக்குள்ளே போறதைவிட, வன்னிப் பக்கம் போய் ஒரு துண்டுக் காணி பிடித்து இருந்தால் என்ன?" என்று. "முன்னம் போனவர்களுக்கு என்ன நடந்தது என்று நீங்கள் வந்து சொல்லுங்கள். அங்கே கோயிலும் மிஷனும் நம் ஆட்களுக்கு நிறையச் செய்தது என்கிறார்களே, அதையும் சொல்லுங்கள்" என்றார். ஆகவே இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவும் அம்மாவும் இந்த மலையில் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவர்கள். 1977 ஆகஸ்ட் கலவரத்தில் எங்கள் லயம் எரிந்தது. ஆறு வயதில் ரயிலேறி வவுனியாவில் இறங்கினேன். அங்கிருந்து கிளிநொச்சிக் காடு. நான் கிறிஸ்தவன் இல்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் மாரியம்மனுக்குத்தான் விளக்கு. ஆனால் மிஷன் கஞ்சி குடித்து வளர்ந்தவன். பின்னால் கொஞ்சக் காலம் ஒரு கோயிலின் சமூகசேவைப் பிரிவில் பதிவு எழுதும் வேலையும் பார்த்தவன். கோயிலைப் புகழவும் நான் வரவில்லை, இகழவும் வரவில்லை. கண்டதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

தோட்டத்துக் கோயிலும் துரையும்

கதையை மலையிலிருந்தே தொடங்க வேண்டும். 1854இல் அங்கிலிக்கன் மிஷனரிமார் இங்கே 'தமிழ்க் கூலி மிஷன்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். பெயரிலேயே நம்மைக் கூலி என்று எழுதிவைத்த மிஷன். அதற்குக் காசு கொடுத்தவர்களில் தோட்டத் துரைமார் முக்கியமானவர்கள். அந்த மிஷன் பள்ளிக்கூடம் வைத்தது, நம் பிள்ளைகள் சிலருக்கு எழுத்தறிவித்தது. அதை மறக்கக் கூடாது. ஆனால் துரை காசு கொடுத்து நடக்கிற மிஷன், துரை கொடுக்கிற சம்பளத்தைப் பற்றி எப்படிப் பேசும்? பேசவில்லை. வெகு காலம் அப்படித்தான் இருந்தது. கோயில் நம் ஆத்துமாவைப் பார்த்துக்கொண்டது, கணக்கப்பிள்ளை நம் கொழுந்தைப் பார்த்துக்கொண்டார், வயிற்றைப் பார்க்க ஆள் இல்லை.

இதை மாற்றியவர்களும் கோயிலுக்குள்ளிருந்தே வந்தார்கள். இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் அடிகளார் 1972இல் கண்டியில் சத்தியோதயம் நிலையத்தைத் தொடங்கினார். 1974இல் தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகம் உருவானது. சம்பளம், குடியுரிமை, கல்வி என்று நம் பிரச்சினைகளைக் கணக்கெடுத்து, எழுதி, சிங்கள மக்களுக்கும் வெளிநாட்டாருக்கும் சொன்னார்கள். அடிகளார் 2017இல் காலமானார். அவர் ஒரு பாதை காட்டினார்: உதவி கொடுப்பது ஒன்று, உரிமைக்குக் கூட நிற்பது இன்னொன்று. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு வன்னிக்கு வாருங்கள்.

பேர் இல்லாமல் போன சனம்

நம் முன்னோர் இந்தத் தீவில் முதலில் மிதித்த மண்ணே மன்னார், வன்னிப் பக்கம்தான். தலைமன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். பசியிலும் வாந்திபேதியிலும் வழி நெடுக விழுந்தார்கள். நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே காட்டுக்குத் திரும்பி ஓடினோம்.

ஏன் ஓடினோம் என்று இளம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். 1948இன் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர் ஆக்கியது. 1949இல் வாக்குரிமையும் போனது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று ஆட்டைப் பிரிப்பதுபோலப் பிரித்தார்கள். 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் சனம் செத்தது. அப்போதே கொஞ்சப் பேர் வன்னிக்கு நடந்தார்கள். பிறகு 1977, 1981, 1983 என்று கலவரத்துக்குக் கலவரம் ரயில் நிறைய வந்து இறங்கினோம்.

தோட்டத்தில் நமக்கு என்ன குறை இருந்தாலும், செக்ரோலில் ஒரு பேர் இருந்தது. பேர் பதிந்தால் சம்பளம், சங்கத்தில் சந்தா, பிள்ளை பிறந்தால் தோட்டத்துரை மூலம் பதிவு. வன்னியில் இறங்கிய அன்று அந்தப் பேரும் இல்லை. குடியுரிமை இல்லை, வாக்காளர் இடாப்பில் இல்லை, காணி உறுதியில் இல்லை. இரணைமடுக் குளத்தின் கீழ் நல்ல வயல் எல்லாம் முன்னமே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களுக்குப் பகிரப்பட்டிருந்தது. பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் என்று நம் சனம் கொட்டில் போட்ட இடங்கள் பெரும்பாலும் வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டுக் காணி. மற்றவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டு, அருவி வெட்டிப் பிழைத்தோம். உள்ளூர்ச் சனத்தில் நல்லவர்கள் நிறைய இருந்தார்கள். ஆனால் "தோட்டக்காட்டான்" என்ற சொல் மலையில் மட்டும் இல்லை, அங்கேயும் காத்திருந்தது.

அப்போது முதலில் கைகொடுத்தது காந்தியம் இயக்கம். அது கோயில் அமைப்பு இல்லை. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட் ஐயாவும் டாக்டர் இராஜசுந்தரமும் வவுனியாவில் நடத்தியது. நம் குடும்பங்களை எல்லைப் பக்கங்களில் குடியமர்த்தி, பாலர் பாடசாலை, மருத்துவம், விவசாயம் என்று செய்தார்கள். 1983 ஏப்ரலில் இரண்டு பேரையும் பிடித்தார்கள். அந்த ஜூலை 27 வெலிக்கடைச் சிறையில் டாக்டரைக் கொன்றார்கள். 1984இல் டொலர் பாம், கென்ட் பாமிலிருந்து நம் சனத்தை விரட்டிவிட்டு, சிங்களக் கைதிகளையும் அவர்கள் குடும்பங்களையும் கொண்டுவந்து இருத்தினார்கள். அதே வருஷம் நவம்பர் 30 அவர்களையும் புலிகள் வெட்டிச் சாய்த்தார்கள். அந்த மண்ணில் இரண்டு பக்கத்து ஏழைகளின் கண்ணீரும் கிடக்கிறது.

கிணற்றடியும் ஞானஸ்நானப் புத்தகமும்

காந்தியம் அடிபட்டுப் போன பிறகு, நம் சனத்தோடு அங்கே மிஞ்சி நின்றது கோயில்கள்தான். கத்தோலிக்கப் பங்குகள், மெதடிஸ்த சபை, அங்கிலிக்கன் சபை, தென்னிந்தியத் திருச்சபை. கிளிநொச்சியில் அங்கிலிக்கன் சபையின் கருணா நிலையம் ஆதரவில்லாத பிள்ளைகளுக்கு வீடாக இருந்தது. கத்தோலிக்கரின் சமூகசேவைக் கரங்களாக மன்னார்ப் பக்கம் வாழ்வுதயம், யாழ்ப்பாண மறைமாவட்டப் பக்கம் கியூடெக். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாண ஆயரின் கீழ் வரும். வவுனியா, 1981இல் உருவான மன்னார் மறைமாவட்டத்தில் வரும். கடிதம் எழுதும்போது இது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் கண்ணால் கண்ட இரண்டைச் சொல்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் அப்போது கிணறு இல்லை. ஒரு காணிக்காரர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கப் போவோம். கயிற்றைத் தொட விடமாட்டார்கள். அவர்கள் அள்ளி மேலேயிருந்து ஊற்றுவார்கள், நாங்கள் குடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஒரு நாள் கன்னியாஸ்திரி ஒருவர் குழந்தைகளுக்கு மருந்து கொடுக்க வந்தார். எங்கள் வரிசையைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அம்மாவுக்குப் பின்னால் வந்து, தானும் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார். அந்த வீட்டம்மா பதறிப்போய், "ஐயோ சிஸ்டர், நீங்க உள்ளே வாங்கோ" என்றார். "இவங்களும் வரலாம் என்றால் நானும் வாறன்" என்றார் சிஸ்டர். அன்றைக்குக் கயிறு எங்கள் கைக்கு வந்தது. அடுத்த வருஷம் கோயில் மூலம் சீமெந்து வந்தது. கிறவல் மண்ணை நாங்களே தோண்டிப் பொதுக் கிணறு கட்டினோம். கிணறு பெரிய உதவிதான். ஆனால் அம்மா சாகும்வரை கிணற்றைப் பற்றிப் பேசவில்லை. சிஸ்டர் வரிசையில் நின்றதைத்தான் பேசினார்.

இரண்டாவது, கடதாசி. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். லயத்தோடு எல்லாம் எரிந்துவிட்டது. கோயில் அறையில் மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். பிறந்த தோட்டம் எது, டிவிசன் எது, மருத்துவிச்சி யார் என்று கேட்டுக் கேட்டு எழுதி, தோட்டத்துக்கு ஒரு கடிதம், மாவட்டப் பதிவாளருக்கு ஒரு கடிதம். கிறிஸ்தவப் பிள்ளை என்றால் ஞானஸ்நானப் புத்தகத்துப் பதிவு ஒரு சான்றாக நின்றது. மற்றப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட இடாப்பு, பெற்றாரின் சத்தியக் கடதாசி. பிற்காலத்தில் நானும் அந்த மேசையில் இருந்து எழுதியிருக்கிறேன். 2003இல் இந்திய வம்சாவளியினருக்கான குடியுரிமைச் சட்டம் வந்த பிறகும் அந்த மேசை வேலை ஓயவில்லை. சட்டம் கொழும்பில் வரும். அந்தச் சட்டத்தைக் கையில் பிடிக்க ஒரு துண்டுக் கடதாசி வேண்டும். அந்தத் துண்டுக்காக ஒரு ஏழை எத்தனை தரம் பஸ் ஏறுவார் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஷெல் விழுந்த காலம்

யுத்தம் வந்தபோது கோயில் என்றால் அடைக்கலம் என்று ஆனது. மடுமாதா கோயில் உங்களுக்குத் தெரியும். ஆகஸ்ட் 15 திருவிழாவுக்கு மலையிலிருந்து பஸ் கட்டிக்கொண்டு போவீர்கள், சைவக்காரரும் போவார்கள். 1990இலிருந்து அந்த வளாகம் பல்லாயிரம் அகதிகளின் ஊராக இருந்தது. அதற்கும் பாதுகாப்பு இருக்கவில்லை. 1999 நவம்பர் 20 அங்கே ஷெல் விழுந்து நாற்பது பேரளவில் செத்தார்கள். அதில் பிள்ளைகளும் உண்டு.

கூட நின்ற போதகர்மாரும் விலை கொடுத்தார்கள். பக்கத்து மன்னாரில், முருங்கன் மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் 1984 டிசம்பர் 13 கொல்லப்பட்டார். மூன்று கிழமை கழித்து, 1985 ஜனவரி 6, வங்காலையில் மேரி பஸ்தியான் சுவாமி கொல்லப்பட்டார். வன்னியில் மனித உரிமை மீறல்களைப் பதிந்து வந்த கருணாரத்தினம் சுவாமி 2008 ஏப்ரல் 20 கிளைமோரில் போனார்.

2004 டிசம்பர் 26 சுனாமி முல்லைத்தீவுக் கரையைத் துடைத்தபோது, பிணம் எடுப்பதிலிருந்து பிள்ளைகளைச் சேர்ப்பது வரை குருமாரும் சிஸ்டர்மாரும் சனத்தோடு நின்றார்கள். அதைவிடக் கடுமையான நாள் பிறகு வந்தது. 2008 செப்டெம்பரில் ஐ.நா. உத்தியோகத்தர்கள் வன்னியை விட்டு வெளியேறினார்கள். சனம் வாகனத்துக்கு முன்னால் நின்று "போகாதீங்கோ" என்று அழுதது. அவர்கள் போனார்கள். குருமார் சிலரும் சிஸ்டர்மார் சிலரும் இருந்தார்கள். எங்களோடு கிளிநொச்சியை விட்டு நடந்தார்கள், தருமபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று சனம் போன இடமெல்லாம் வந்தார்கள். பதுங்குகுழிக்குள் செபம் சொன்னார்கள், கஞ்சி காய்ச்சினார்கள், காயத்துக்குத் துணி கட்டினார்கள். வலைஞர்மடம் ஆலயத்தில் இளம் பிள்ளைகள் அடைக்கலம் புகுந்தபோது, இயக்கம் அங்கேயும் புகுந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனது. உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு பக்கம் ஷெல், ஒரு பக்கம் இது. நடுவில் கோயில் சுவர் மட்டும்தான்.

2009 மே 18. அன்றைக்கு சனத்தோடு வெளியே வந்துகொண்டிருந்த சரத்ஜீவன் சுவாமி வழியிலேயே உயிர் விட்டார். அதே நாள், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் சுவாமி, சரணடைய வந்தவர்களோடு வட்டுவாகலில் இராணுவத்திடம் போனார். அவரையும் அவரோடு போனவர்களையும் அதன் பிறகு யாரும் காணவில்லை. அவர்கள் குடும்பங்கள் இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கின்றன.

பிறகு முகாம். மூன்று லட்சத்துக்குக் கிட்டச் சனம் முட்கம்பிக்குள். பெரும் பகுதி செட்டிகுளத்து மெனிக் பாமில். அது 2012 செப்டெம்பரில்தான் முழுதாக மூடப்பட்டது. அங்கே என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்தைவிட முதலில் நான் தேடியது, இங்கே ஹட்டன் பக்கத்தில் இருக்கிற என் சித்தப்பாவுக்கு "உயிரோடு இருக்கிறோம்" என்று ஒரு சொல் சொல்ல ஆள். அந்தச் சேதியைக் கம்பிக்கு வெளியே கொண்டுபோனவர் ஒரு சிஸ்டர். சித்தப்பா பிறகு சொன்னார், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சுவாமி தன்னைக் கூப்பிட்டுச் சொன்னாராம். சித்தப்பாவும் மாரியம்மன் வீட்டு ஆள்தான். சுவாமி மதம் கேட்கவில்லை, தோட்டத்தின் பேரைத்தான் கேட்டிருக்கிறார்.

எண்ணிக்கை கேட்ட ஆயர்

யுத்தம் முடிந்து எல்லாரும் வாய் மூடியிருந்த நேரம், மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை ஒரு கணக்கைத் தூக்கிக்கொண்டு போனார். 2011 ஜனவரி 8, நல்லிணக்க ஆணைக்குழு முன்னால். அரசாங்க அதிகாரிகளின் கணக்குப்படியே 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். 2009 ஜூலை வரை வெளியே வந்து பதிந்தவர்கள் 2,82,380 பேர். "மிச்சம் 1,46,679 பேர் எங்கே?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை ஒழுங்கான பதில் இல்லை. ஆண்டகை 2021 ஏப்ரல் 1 காலமானார். கேள்வி இருக்கிறது.

நமக்கு இந்தக் கணக்கு புரியும். காலையில் பெரட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள், மாலையில் எத்தனை பேருக்குப் பேர் விழுந்தது, குறைந்த பேர் எங்கே என்று கேட்கிறவன்தான் தலைவன். ஆண்டகை கேட்டதும் அதே கேள்விதான். நான் அங்கே இருந்தவரை பார்த்ததில், கோயில்கள் செய்த சேவையில் பெரியது அரிசி மூட்டையோ கூரைத் தகடோ இல்லை. ஆளில்லாத சனத்தின் பேரை எழுதிவைத்ததும், அந்தப் பேரைச் சொல்லி அதிகாரத்திடம் கேட்டதும்தான்.

செய்யாமல் விட்டதும் செய்யக் கூடாததும்

குறையையும் சொல்ல வேண்டும்.

யுத்தத்துக்குப் பிறகு புதுப் புதுச் சபைகள் வந்தன. அவற்றில் நல்ல ஊழியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். குடியிலிருந்து ஆட்களை மீட்டார்கள், தனித்துப்போன பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு உறவைக் கொடுத்தார்கள். ஆனால் சில இடங்களில் நிவாரணப் பொதிக்கும் ஆராதனைக்கும் முடிச்சுப் போட்டார்கள். பசித்தவனிடம் அப்படிப் பேரம் பேசுவது சேவை ஆகாது. எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று முடிவு செய்ய ஒரு தொழிலாளிக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை அரிசி காட்டி வாங்கக் கூடாது. பழைய சபைகளின் மூத்த குருமாரே இதை என்னிடம் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு குறை பெரியது. வீடு கட்டித் தந்தார்கள், ஆடு மாடு தந்தார்கள், தையல் பழக்கினார்கள். ஆனால் நாங்கள் இருக்கிற காணி யாருடையது என்ற கேள்விக்குப் பல இடங்களில் கோயிலும் மெளனமாக இருந்தது. காணிக்காரரும் அதே கோயிலில் முன்வரிசையில் இருப்பார், அது ஒரு காரணம். முப்பது, நாற்பது வருஷம் இருந்தும் உறுதி இல்லாத நம் குடும்பங்கள் இன்றைக்கும் அங்கே இருக்கின்றன. உறுதி இல்லை என்றால் வீட்டுத்திட்டம் இழுபடும், வங்கிக் கடன் இல்லை. கடைசியில் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிற நுண்கடன்காரனிடம் பெண்கள் மாட்டிக்கொள்கிறார்கள். துரை காசு கொடுத்த மிஷன் சம்பளத்தைப் பேசாதது போல, காணிக்காரர் காணிக்கை போடுகிற கோயில் காணியைப் பேசத் தயங்கியது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பழக்கம் முழுதாகப் போகவில்லை.

மூன்றாவது குறை கோயிலுடையது இல்லை, நம்முடையது. தோட்டத்தை விட்டு இறங்கிய நாளில் சங்கமும் எங்களை விட்டுவிட்டது. செக்ரோலில் பேர் இல்லை, சந்தா இல்லை, அதனால் அங்கத்தவர் இல்லை. வயலில் கூலிக்கு நிற்கிறவர், மேசன் வேலை செய்கிறவர், ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளை, இவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி பற்றிச் சொல்ல, சம்பளம் பிடித்தால் கேட்க, அங்கே ஆள் இல்லை. சங்கம் வராத இடத்தில் கோயில் வந்து நின்றது. அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும், வெட்கப்படவும் வேண்டும்.

இனி என்ன செய்யலாம்

2023இல் நாம் வந்து 200 வருஷம் என்று ஒரு நடைபயணம் போனது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஜூலை 28 தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12 மாத்தளையில் முடிந்தது. மாண்புமிகு மலையக மக்கள் என்ற கூட்டமைப்பும் தேசிய கிறிஸ்தவ மன்றமும் முன்னின்று நடத்தின. சைவர், கிறிஸ்தவர், இஸ்லாமியர், பெளத்தர் என்று எல்லோரும் அந்த வழியில் நடந்தார்கள். கேட்டது நிவாரணம் இல்லை. காணி, வீடு, நியாயமான சம்பளம், சம உரிமை. கூலி மிஷன் என்று பேர் வைத்த காலத்திலிருந்து மாண்புமிகு மக்கள் என்று கூட நடக்கிற காலத்துக்குக் கோயிலில் ஒரு பகுதி வந்திருக்கிறது. அந்தப் பகுதியோடு நாம் கை கோர்க்க வேண்டும்.

அதற்கு நான்கு விஷயங்களை இந்தச் சபை முன் வைக்கிறேன்.

ஒன்று. வன்னிக்குப் போக நினைக்கிறவர்கள் தனியாகப் போகாதீர்கள். 'காணி தருகிறோம்' என்று யார் சொன்னாலும், "எந்தப் பிரதேச செயலகம், எந்தக் காணி, யார் பேரில் உறுதி" என்று சங்கம் மூலம் எழுத்தில் கேளுங்கள். புருஷன் பெண்சாதி இருவர் பேரிலும் கேளுங்கள். தண்ணீர், பள்ளிக்கூடம், வேலை மூன்றும் எங்கே என்று பார்த்துவிட்டு மூட்டையைக் கட்டுங்கள். போகாமல் இங்கேயே பாதுகாப்பான இடத்தில் காணி கேட்பதும் உங்கள் உரிமை. மலை சரிந்தது என்பதற்காக மலையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டு. சங்கம் வன்னிக்கு வர வேண்டும். இந்த நாட்டுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு தொழிற்சங்கத்தைப் பதியலாம். கிளிநொச்சியில் நம் ஆட்கள் ஏழு பேருக்கா பஞ்சம்? செக்ரோலில் பேர் இல்லாதவருக்கும் சங்க இடாப்பில் ஒரு பேர் இருக்கட்டும்.

மூன்று. கோயில்களிடம் நாம் கேட்க வேண்டியது மண்டபத்தையும் மேசையையும். ஞாயிறு பூசை முடிந்த பிறகு இரண்டு மணித்தியாலம், மதம் பாராமல், காணிக் கடதாசி, அடையாள அட்டை, சேமலாப நிதி விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஒரு மேசை. எழுத ஆளை சங்கம் அனுப்பட்டும். புயலுக்குப் பிறகு இங்கே மலையிலும் எத்தனை பேரின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் மண்ணுக்குள் போயிருக்கிறது! அந்த மேசையை முதலில் இங்கேயே போடலாம்.

நான்கு. இந்தக் கூட்டத்தில் இருக்கிற கிறிஸ்தவ உறவுகளுக்கு ஒரு வேண்டுதல். உங்கள் போதகரிடம், உங்கள் சுவாமியிடம் நீங்களே பேசுங்கள். நிவாரணம் கொடுக்கும்போது மதம் கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும்போது, காணிக் கோரிக்கை போகும்போது, கோயிலின் பேரையும் அதில் போடச் சொல்லுங்கள். கோயிலுக்குள்ளிருந்து தொழிலாளி கேட்டால்தான் கோயில் அசையும்.

முடிக்கிறேன். அம்மா செத்த பிறகு அவருடைய பெட்டியைத் திறந்தேன். உள்ளே இரண்டு கடதாசி. ஒன்று தோட்டத்துச் சம்பளத் துண்டு, 1976ஆம் வருஷத்தது. மற்றது கோயில் மேசையில் எழுதி வாங்கிய என் பிறப்புப் பதிவு. காணி உறுதி மட்டும் இல்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த மண்ணில் இருந்த அம்மாவின் பேரில் ஒரு துண்டு நிலம் எழுதப்படவில்லை. அந்த மூன்றாவது கடதாசியைக் கோயில் தனியாக வாங்கித் தராது, சங்கமும் தனியாக வாங்கித் தராது. இரண்டும் சேர்ந்து நின்று கேட்டுப் பார்ப்போம்.